எட்டு என்ன செய்யும்?

பொதுத்தேர்வுக்கான பதிவெண் கிடைத்த அன்று எங்கள் வகுப்பில் ஒரே பரபரப்பு. வீட்டு எண், வண்டி எண் எதுவானாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்போர் எங்கள் கரியமாணிக்கத்திலும் உண்டு. நாங்களும் கூட்டினோம். தோழி ஒருத்தியின் முகம் வாடிவிட்டது. அவள் எண்ணின் கூட்டுத்தொகை எட்டு! "எட்டு சனியின் எண், ஆகாது" என்று அவள் பாட்டி சொல்வாராம். நாங்கள் எவ்வளவோ தேற்றியும் அன்று அவள் சோற்றைத் தொடவில்லை.

செய்தி கணித சிஸ்டரின் காதுக்கு எட்டியது. அவர் கோபிக்கவில்லை. இராமானுஜன் கதையைச் சொன்னார்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1914இல் இங்கிலாந்து சென்றார். 1919இல் தாயகம் திரும்புமுன், இலண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றுப் படுத்திருந்தார். அவரைக் காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது, கெட்ட சகுனமாக இராதிருக்க வேண்டும் என்றும் கூறினார். பெரிய கணித மேதைக்கும் அப்படி ஒரு நினைவு வந்திருக்கிறது!

இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 12இன் கனம் 1728. அதனுடன் 1இன் கனத்தைக் கூட்டினால் 1729. 10இன் கனம் 1000. அதனுடன் 9இன் கனமாகிய 729ஐக் கூட்டினாலும் 1729. இது அந்த நொடியில் தோன்றிய விந்தையன்று. இந்த உறவை அவர் முன்பே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். எண் தற்செயலாக வந்தது. அறிவு உழைப்பால் வந்தது.

பிறகு சிஸ்டர் இலக்கங்களைக் கூட்டுவதன் இரகசியத்தை விளக்கினார். 10, 100, 1000 ஆகியவற்றை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. ஆகவே ஓர் எண்ணின் இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டினால் கிடைப்பது, அதை ஒன்பதால் வகுத்த மீதியே. மீதியில்லை என்றால் 9 வரும். தொடர்ந்து வரும் ஒன்பது எண்களில் ஒன்றுக்கு எட்டு வந்தே தீரும். எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேர், பதிவெண்கள் வரிசையானவை. எண்ணிப் பார்த்தோம். சரியாக நால்வருக்கு எட்டு! அவர்களுள் ஒருத்தி வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருபவள். அவள் கூட்டிப் பார்க்கவே இல்லையாம்.

இறுதியாக, 1 முதல் 100 வரை எழுதிய சீட்டுகளைச் சாக்பீஸ் பெட்டியில் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். எடுத்த எண்ணின் சிறப்பை மறுநாள் கூறவேண்டும். நம் தோழிக்கு வந்தது 26. மறுபடியும் எட்டு! நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

மறுநாள் காலை அவளே முதலில் எழுந்தாள். "25 என்பது 5இன் வர்க்கம், 27 என்பது 3இன் கனம். இரண்டுக்கும் நடுவே நிற்கிறது என் எண்" என்றாள். சிஸ்டர் மகிழ்ந்து, இயல் எண்களில் அப்படி நிற்பது 26 ஒன்றே என்றும், பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இதைக் கூறினார் என்றும் சொன்னார்.

யோவான் நற்செய்தியில் வலையில் அகப்பட்ட மீன்கள் 153. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வருவதைப் புனித அகுஸ்தீன் கண்டு, பத்துக் கட்டளைகளையும் தூய ஆவியின் ஏழு கொடைகளையும் அதில் தியானித்தார். அந்தத் தியானம் விசுவாசத்தின் கனி. கூட்டுத்தொகையோ எம்மதத்தார் கூட்டினாலும் அதுவே.

அன்பார்ந்த பெற்றோரே, தோழியரே! எண் நமக்கு நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. அருகில் அமர்ந்து ஆராய்பவருக்குத் தன் அழகைக் காட்டும்; அவ்வளவே. எங்கள் தோழி இப்போது தன் பதிவெண்ணைக் கூட்டுவதில்லை. அதன் காரணிகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மதியச் சோற்றையும் மிச்சம் வைப்பதில்லை!