மயக்கவியல் பணியில் கிருமிப் பரவல் தடுப்பு

அறுவை சிகிச்சையின்போது மயக்க மருத்துவர், அவருடைய உதவியாளர்கள் ஆகியோரின் கைகள், கருவிகள், மருந்துகள் வழியாக நோயாளிக்கு நோய்க்கிருமிகள் சென்றடையாமல் காக்கும் நடைமுறைகள் மயக்கவியல் பணியில் கிருமிப் பரவல் தடுப்பு எனப்படும்.

அறுவை மருத்துவர் தொடக்கத்திலேயே முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிகிறார். அதன்பின் கிருமி நீக்கப்படாத எதையும் தொடுவதில்லை. மயக்க மருத்துவரால் அவ்வாறு இருக்க இயலாது. நோயாளியின் வாயைத் திறந்து மூச்சுக்குழாயில் குழலைச் செருகிய அதே கைகளால் அடுத்த சில நொடிகளில் மயக்கப்பொறியின் குமிழ்களையும், மருந்துத் தட்டையும், சிரைவழிக் குழாயின் திறப்பையும் அவர் தொட வேண்டியுள்ளது. அவ்வேளையில் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ஒவ்வொரு தொடுகைக்கும் இடையில் கை கழுவுதல் எளிதன்று. 2008 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 32% அறுவைகளில் சிரைவழிக் குழாயின் திறப்புகளுக்குப் பாக்டீரியா பரவியிருந்தது. அத்திறப்பின் வழியே செலுத்தப்படும் மருந்து நேரே குருதியில் கலக்கிறது.

== புரோப்போஃபால் ==

பால் போன்ற வெண்ணிறமுடைய இம்மயக்க மருந்து சோயா எண்ணெய் கலந்த குழம்பாகும். இதில் கிருமிகள் விரைவாகப் பெருகும். 1990 முதல் 1993 வரை அமெரிக்காவின் ஏழு மருத்துவமனைகளில், அறுவைக்குப் பின் நோயாளிகளுக்குக் குருதித் தொற்றும் காய்ச்சலும் ஏற்பட்டதற்கு, கையாளும்போது மாசடைந்த புரோப்போஃபாலே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

லாஸ் வேகஸ் நகரில் 2008 இல் வெளிப்பட்ட ஹெப்படைட்டிசு சி பரவல் வேறு வகையானது. அங்கு நடந்தது அறுவையன்று, குடல் உள்நோக்கிச் சோதனை. எனினும் மயக்கமூட்டிய முறையே தவறாக அமைந்தது. ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசிக்குழலைக் கொண்டே குப்பியிலிருந்து மீண்டும் மருந்து எடுக்கப்பட்டது. மீந்த மருந்து அடுத்தவருக்குச் செலுத்தப்பட்டது. ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்ற எண்ணம் தவறானது. ஊசிக்குழலின் உள்ளேயும் குருதி நுண்ணளவில் ஏறியிருக்கும். சிக்கனம் போலத் தோன்றும் இப்பழக்கம் மிகவும் ஆபத்தானது. ஒரு முறைக்கான குப்பியில் மருந்து மீந்தாலும் அதனை எறிந்துவிட வேண்டும்.

== தடுப்பு முறைகள் ==

அமெரிக்க நலவாழ்வு நோய்ப்பரவலியல் கழகம் 2018 இல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. குழல் செருகும்போது இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, செருகியவுடன் மேலுறையைக் கழற்றுவது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கை கழுவ நேரமில்லாத கணத்திற்கு இது ஏற்ற உத்தியாகும். கையுறையைக் கழற்றியபின் கைகளைச் சாராயக் கரைசலால் தூய்மைப்படுத்த வேண்டும். இக்கரைசல் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் நன்று. குரல்வளை நோக்கியின் அலகை மட்டுமன்றி, பலரும் மறந்துவிடும் அதன் கைப்பிடியையும் கிருமி நீக்க வேண்டும். புதிய குப்பியின் மூடியை அகற்றியதும் தெரியும் இரப்பர் அடைப்பும் கிருமியற்றதன்று. ஊசி நுழையுமுன் அதனைச் சாராயத்தால் துடைத்து உலரவிட வேண்டும்.