தொலைந்த வலைகளைத் தேடுதல்: மன்னார் வளைகுடாவில் ஒலியலைக் கருவியின் எல்லைகள்

பருத்தி வலை கடலில் தொலைந்தால் மக்கிவிடும். நைலான் வலையோ நெடுங்காலம் மீன்களையும் ஆமைகளையும் சிக்கவைத்துக்கொண்டே கிடக்கும். வலை விரித்த இடத்தை ஜி.பி.எஸ். கருவி பதிவு செய்யினும், நீரோட்டம் இழுத்துச் சென்ற வலைக்கு அப்பதிவு பெரிதும் உதவாது. பக்கவாட்டு ஒலியலைக் கருவி, மணற்பரப்பில் கிடக்கும் இரும்புக் கூண்டைத் தெளிவாகக் காட்டும். மெல்லிய நைலான் இழை ஒலியை மிகக் குறைவாகவே எதிரொலிப்பதால், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகளை ஒட்டிய பவளப்பாறை மேடுபள்ளங்களில் மறைந்துவிடுகிறது. கிணற்றில் வாளி எடுக்கும் பாதாளக்கரண்டி போன்ற கொக்கியை அங்கு இழுத்தால் பவளமே உடையும். முக்குளிப்போர் கையால் அறுத்தெடுப்பதே தகும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2018இல் ஏற்ற நெறிமுறைகள், கருவிகளுக்கு அடையாளமிடவும் இழப்பை அறிவிக்கவும் கோருகின்றன. தண்டனைக்கு அஞ்சும் மீனவர் அறிவிக்கத் தயங்குவார். மிதவையில் பொருத்தும் செயற்கைக்கோள் கருவி அத்தயக்கத்தைக் கடக்கலாம். அதன் விலையோ சிறுபடகு மீனவருக்கு எளிதன்று.