கிழங்குக்கு அடியில் என்ன கறி?

பிரிட்டனில் குளிர் தொடங்கிவிட்டால் இரவுச் சாப்பாட்டு மேசைக்குக் காட்டேஜ் பை வந்துவிடும். வெங்காயம், கேரட், செலரியோடு வேகவைத்த மாட்டுக் கொத்துக்கறி கீழே. வெண்ணெயும் பாலும் விட்டு மசித்த உருளைக்கிழங்கு மேலே. முள்கரண்டியால் கோடு கிழித்து ஓவனில் வைத்தால் கோட்டின் விளிம்பெல்லாம் மொறுமொறுவென்று சிவக்கும். ஆட்டுக்கறி போட்டால் அதுவே ஷெப்பர்ட்ஸ் பை. வீட்டில் செய்தால் கவலையில்லை. வாங்கிச் சாப்பிடுகிறவர் கண்ணில் படுவதோ கிழங்கு மட்டும்தான். அடியில் இருப்பது என்ன கறி என்பதை விற்றவர் சொல்லித்தான் நம்ப வேண்டும்.

2013 ஜனவரியில் அந்த நம்பிக்கை உடைந்தது. மாட்டிறைச்சி பர்கர்களில் குதிரையின் மரபணு இருப்பதாக அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அடுத்த மாதமே இங்கிலாந்தின் லங்காஷயரில் 47 பள்ளிகளுக்குப் போன காட்டேஜ் பையிலும் அது தென்பட, பள்ளிச் சாப்பாட்டிலிருந்து அந்தப் பை நீக்கப்பட்டது. குதிரைக்கறி விஷமல்ல. ஆனால் எந்த விலங்கைத் தின்பது, எதைத் தொடக்கூடாது என்பது ஒவ்வொருவரின் சமயமும் மனசும் சார்ந்த முடிவு. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் உரிய அந்த முடிவை யாரோ திருடிக்கொண்டார்கள். அங்குள்ள 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கேட்ட பொருளுக்குப் பதில் வேறொன்றை விற்பதே குற்றம். உடம்புக்கு ஏதாவது ஆனதா என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

பொட்டலத்தில் வரும் பையில் இறைச்சி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். கிழங்கில் பால், குழம்பில் செலரி. ருசிக்கு விடும் வூஸ்டர்ஷயர் சாஸிலோ நெத்திலி வகை மீன் உண்டு. பார்லி வினிகர் சேர்த்ததும் உண்டு. கறியும் கிழங்கும் என்று நினைத்துச் சாப்பிடுகிறவருக்கு மீன் ஒவ்வாமை இருந்தால்? 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைத் தெரிவிப்பது கட்டாயம். 2016இல் எள் கலந்த ரொட்டியைச் சாப்பிட்டு ஒரு சிறுமி இறந்த பிறகு வந்த நடாஷா சட்டம், 2021 அக்டோபர் 1 முதல் கடையிலேயே கட்டி வைத்து விற்கும் உணவுக்கும் சேர்மானங்களின் முழுப் பட்டியலைக் கட்டாயமாக்கியது.

கலப்படத்தைவிட அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு: அரைகுறையாக வெந்த, மெதுவாக ஆறிய கறி. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே முழுக்கப் பரவிவிடுகிறது. ஈ.கோலை ஓ157 என்ற கிருமி குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. பெரிய பாத்திரத்தில் குழம்பு மெல்ல ஆறும்போது விழித்துக்கொண்டு மளமளவென்று பெருகும்.

2018 அக்டோபரில் நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹின்டன்-இன்-த-ஹெட்ஜஸ் கிராமத்தில், தேவாலய அறுவடை விருந்துக்கு மதுக்கடைச் சமையலறையில் ஷெப்பர்ட்ஸ் பை தயாரானது. கறியை முந்தின நாளே அவசரமாகச் சமைத்துக் குளிரவைத்து, மறுநாள் கிழங்கை மேலே பரப்பிச் சூடாக்கினார்கள். சாப்பிட்டவர்களில் முப்பது பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 92 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். சமையற்காரருக்கு 2022இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. கிழங்கு கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் நடுவிலுள்ள கறி வெதுவெதுப்பாகவே இருக்கலாம். அதனால் வெப்பமானியைப் பையின் நட்டநடுவில் குத்திப் பார்க்க வேண்டும்: 70 டிகிரி செல்சியஸ், குறைந்தது 2 நிமிடம். முன்கூட்டியே செய்து வைப்பவர்கள் கறியை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழுள்ள குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். மிஞ்சியதை இரண்டு நாளுக்குள், ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிடலாம்.

வெளியில் வாங்கிய பை வயிற்றைக் கெடுத்தால் பலரும் முதலில் செய்வது மீதியைக் குப்பையில் கொட்டுவது. அந்த மீதிதான் சாட்சியம். மூடி, 'சாப்பிடக்கூடாது' என்று எழுதிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ரசீதையும் உறையையும் பத்திரப்படுத்தலாம். மலத்தில் ரத்தம் கண்டால், அதுவும் குழந்தைக்கென்றால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மலப் பரிசோதனை சிகிச்சைக்கும் உதவும், வழக்குக்கும் உதவும். புகாரை உள்ளாட்சி மன்றத்தின் சுற்றுச்சூழல் நலப் பிரிவில் கொடுக்க வேண்டும். சமையலறைக்குள் நுழைந்து சோதிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கெட்ட உணவால் உடல்நலம் பாதித்தால் 1987ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இழப்பீடும் கோரலாம். தயாரித்தவர் அலட்சியமாக இருந்தார் என்று காட்டத் தேவையில்லை, உணவில் குறையிருந்ததையும் அதனால் கேடு வந்ததையும் காட்டினால் போதும். வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆனால் குளிர்பெட்டியில் வைத்த அந்த மீதி அத்தனை நாள் தாங்காது. சோதனைக்கு முதல் ஓரிரு நாளிலேயே போய்ச் சேர வேண்டும்.