வீடியோ இண்டர்வியூ: முதல் நாளே கம்ப்யூட்டரைத் தயார் செய்யுங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனாலும் எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் இண்டர்வியூ என்றால், அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் போய் வருவதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும். சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவருக்கு அன்றைய சம்பளமும் போகும். 2020 கொரோனா ஊரடங்கிற்குப் பின் பல நிறுவனங்கள் முதல் சுற்றை வீடியோவிலேயே முடித்துக் கொள்கின்றன. பயணம் மிச்சம்தான். ஆனால் அழைப்பு வந்த பிறகு மைக்கைத் தேடினால் தெரிந்த பதிலும் மறந்து போகும்.

லிங்க் வந்தவுடன் அது கூகுள் மீட்டா, ஸூமா, டீம்ஸா என்று பாருங்கள். மீட் பிரவுசரிலேயே இயங்கும். மற்ற இரண்டிற்கும் அவற்றின் புரோகிராமை முதல் நாளே இன்ஸ்டால் செய்துவிடுவது நல்லது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தடுமாறும் இடம் கேமரா. இதற்கு இரண்டு இடங்களில் அனுமதி தர வேண்டும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் கேமராவைக் கிளிக் செய்து ஆன் செய்யுங்கள். அதே பிரிவில் மைக்ரோபோனுக்கும் இப்படியே செய்யுங்கள். அடுத்து, குரோம் பிரவுசரில் மீட் தளத்தைத் திறந்து, முகவரிக் கட்டத்தின் இடது ஓர ஐகானைக் கிளிக் செய்து அங்கும் இரண்டையும் அனுமதியுங்கள். இதற்குப் பிறகும் திரை கறுப்பாக இருந்தால் லேப்டாப் கேமராவின் மேல் சிறிய மூடி இருக்கிறதா எனப் பாருங்கள்!

படத்தைவிட ஒலிதான் முக்கியம். ஆள் எடுக்கும்போது நானும் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். படம் மங்கினால் பொறுத்துக் கொள்வோம். குரல் விட்டு விட்டு வந்தால் அதே கேள்வியை மூன்றாம் முறை கேட்க யாருக்கும் மனம் வராது. லேப்டாப் ஸ்பீக்கரில் வரும் ஒலி மீண்டும் மைக்கிற்குள் போகும். அதைத் தடுக்க முயலும் புரோகிராம் சில நேரம் உங்கள் குரலையும் வெட்டிவிடும். சாதாரண ஒயர் வைத்த இயர்போன் மாட்டினாலே இது தீரும்.

மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் ஓடாது. எனவே மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை முன்னதாகவே ஒருமுறை இணைத்து வையுங்கள். பிறகு பாஸ்வேர்ட் தேட வேண்டியதில்லை. ஒரு மணி நேர வீடியோவிற்கு 1 ஜிபி வரைகூடச் செலவாகலாம். டேட்டா மீதம் இருக்கட்டும்.

ஒத்திகைக்கு, மீட் தளத்தில் புதிய மீட்டிங் தொடங்கி, லிங்க்கை நண்பருக்கு அனுப்பிப் பேசிப் பாருங்கள். அவர் வேறு அறையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எதிரொலி கேட்கும்.

இன்னொன்று. எவ்வளவு பெரிய தொழிற்சாலையின் பெயரைச் சொன்னாலும், இண்டர்வியூவிற்குப் பணம் கட்டச் சொன்னாலோ, எனிடெஸ்க் போன்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து எண்ணைக் கேட்டாலோ இணைப்பைத் துண்டியுங்கள். அந்தப் புரோகிராம் வழியே உங்கள் கம்ப்யூட்டரை அவர்கள் அங்கிருந்தே இயக்க முடியும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.