சிரபுஞ்சிக்குப் போய் மழையைத் திட்டலாமா?

ஜூன், ஜூலை மாதங்களில் ஷில்லாங்கின் போலீஸ் பஜாரிலிருந்து கிளம்பும் சுற்றுலா வேன்களில் காலையில் எழும் கேள்வி ஒன்றுதான்: மழை எப்போது விடும்? போகும் இடமோ சிரபுஞ்சி. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 12 மாதங்களில் 26,000 மி.மீ.க்கும் அதிகமான மழையை வாங்கி உலக சாதனை படைத்த ஊர். 1995 ஜூனில் இரண்டே நாளில் கொட்டியது 2,493 மி.மீ. அங்கே வெயிலுக்குக் காத்திருப்பது, அலை ஓய்ந்த பின் கடலாட நினைத்த கதைதான்.

கோளாறு மழையில் இல்லை, நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. போக வர 110 கி.மீ. மலைப்பாதை, நடுவே ஏழெட்டு இடங்கள். தெளிந்த வானத்துக்காகப் போட்ட கணக்கு இது. மேகம் சாலையிலேயே இறங்கிவிடும் நாளில் கணக்கு உதைக்கிறது. பணம் கட்டிய குழு எல்லா இடத்தையும் காட்டச் சொல்லி நெருக்க, டிரைவர் வேகத்தைக் கூட்ட வேண்டியதாகிறது. உண்மையான ஆபத்து இதுதான். மண்சரிவு, மூடுபனி விஷயத்தில் டிரைவர் சொல்வதே இறுதித் தீர்ப்பு என்பதைக் குழு முதல் நாள் இரவே ஒப்புக்கொள்வது நல்லது.

அடுத்த வேலை, பட்டியலைப் பாதியாக்குவது. மூன்று இடங்கள் போதும். மழை வலுத்திருக்கும்போது கூரையுள்ள இடம்: சோராவில் (சிரபுஞ்சியின் பூர்வீகப் பெயர் இதுதான்) ராமகிருஷ்ணா மிஷன் அருங்காட்சியகம். சற்றுத் தணிந்ததும் மாவ்ஸ்மாய் குகை. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துச் செதுக்கிய இடம் அது. விளக்கு போட்ட பகுதி சுமார் 150 மீட்டர். உள்ளே நீர் ஏறியிருந்தால் நுழைவாயிலில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

மீதி நேரம் முழுவதும் நோகாலிகாய் அருவிக்கு. 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரை மேகம் மூடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள் பலர். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருபவர்களுக்குத் திரை விலகும் வாய்ப்பு அதிகம். சில நிமிடங்கள்தான் விலகும், அது போதும்.

நோங்ரியாட் வேர்ப்பாலத்தை இந்த நாளில் விட்டுவிட வேண்டும். 3,000க்கும் மேற்பட்ட வழுக்குப் படிகள், முதியவர்கள் உள்ள குழுவுக்கு ஆகாது. ஆனால் அதன் கதையை வேனிலேயே பேசலாம். இந்த மழையில் மூங்கில் பாலங்கள் சீக்கிரம் மக்கிவிடும். எனவே காசி மக்கள் ரப்பர் அத்தி மரத்தின் வேர்களை ஓடைக்குக் குறுக்கே வளைத்துப் பல ஆண்டுகள் வளர்த்துப் பாலமாக்கினார்கள். வயலில் குனிந்து வேலை செய்பவர்களுக்கு முதுகை மூடும் 'க்னுப்' என்ற மூங்கில் கூடும் அப்படிப் பிறந்ததே. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். சாய்ந்தடிக்கும் மழையில் குடை மடங்கிப் போன பயணிகள் அதன் அருமையை உடனே உணர்வார்கள். அவர்களுக்கு ரெயின்கோட்டும், பிடிமானமுள்ள செருப்பும், பிளாஸ்டிக் பையில் மாற்றுத் துணியும் வேண்டும்.

சாலையே மூடப்பட்டுவிட்டால்? ஷில்லாங்கின் மாவ்லாய் பகுதியில் ஏழு தளங்கள் கொண்ட டான் பாஸ்கோ அருங்காட்சியகம் இருக்கிறது. வடகிழக்கு மக்களின் உடை, வீடு, இசைக்கருவிகள் என்று அரை நாள் தாங்கும்.

ஜனவரியில் வருபவர்களுக்கு நீல வானம் உறுதி. ஆனால் அருவிகள் அப்போது நூலாக இளைத்திருக்கும். மெல்லிய மண்ணும் குறைந்துவிட்ட காடும் பெய்த நீரைப் பிடித்துவைப்பதில்லை. வங்கதேசச் சமவெளிக்கு அது ஓடிவிடுகிறது. உலகிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்றில், கோடையில் பயணிகள் திட்டிய தண்ணீருக்காகக் குளிர்காலத்தில் பெண்கள் குடத்தோடு ஊற்றுக்கு நடக்கிறார்கள்.