ஜாவானியர், சுண்டானியர் குடும்பச் சடங்குகளில் இசையும் நடனமும்: காலக்கணக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஜாவாத் தீவின் நடுவிலும் கிழக்கிலும் வாழும் ஜாவானியர், மேற்கில் வாழும் சுண்டானியர் ஆகிய இருவேறு மொழியினரின் குடும்பச் சடங்குகளுக்கும் அவர்தம் இசை, நடனத்திற்கும் உள்ள உறவைக் காலக்கணக்கின் வழி இக்கட்டுரை விளக்குகின்றது. கமெலான் இசையின் சுழற்சியே ஜாவானிய நாட்காட்டியின் சுழற்சி என்னும் கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கமெலான், வெத்தோன், பெடாயா, தெம்பாங் சுண்டா, அங்க்லுங்

பெயரும் மக்களும்

மணிமேகலை சுட்டும் ‘சாவகம்’ எந்நிலம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜாவா என்று உறுதியாக அறியப்படும் தீவிலும் அப்பெயர் ஒரே மக்களைக் குறிப்பதன்று. 1889ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசி கேட்டு வியந்த ‘ஜாவா இசை’யை வாசித்தவர்களுள் பெரும்பாலோர் மேற்கு ஜாவாவின் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த சுண்டானியர். ஆடியவர்களோ சுரகர்த்தாவின் மங்குநகரன் அரண்மனையைச் சேர்ந்த ஜாவானியப் பெண்கள். இவ்விரு மரபுகளையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் இன்றும் நீடிக்கின்றது. அவ்வழக்கால் விளையும் பிழை பின்னர்ப் புலனாகும்.

ஐந்தும் ஏழும்

இன்று இவ்விரு மக்களுள் மிகப் பெரும்பாலோர் இசுலாமியர். மாத்தாரம் அரசர் சுல்தான் ஆகுங் 1633இல் இசுலாமியச் சந்திர ஆண்டு முறையை ஏற்றபோது, சக ஆண்டின் எண்ணை மாற்றாமல் 1555 என்றே தொடரச் செய்தார். அந்நாட்காட்டியில் ஏழு நாள் கிழமையுடன் லெகி, பாகிங், போன், வாகே, கிளிவோன் என்னும் ஐந்து நாள் சந்தைக் கிழமையும் இணைந்து ஓடுகின்றது. இரண்டும் ஒரே இணையில் மீண்டும் சந்திக்க 35 நாட்கள் ஆகும். ஒருவர் பிறந்த கிழமையும் சந்தை நாளும் சேர்ந்த இணையே அவருடைய ‘வெத்தோன்’. திருமணப் பொருத்தம் பார்ப்பதற்கு அடிப்படை இதுவே.

குழந்தையின் பாதம் முதன்முதலில் மண்ணைத் தொடும் ‘தெடாக் சித்தேன்’ சடங்கு ஏழு 35 நாட்கள், அதாவது 245 நாட்கள் கழித்து, குழந்தையின் வெத்தோன் திரும்பும் நாளில் நிகழ்த்தப்படும். பல நிறங்களில் செய்த பசையரிசிப் பண்டத்தின் மீது குழந்தையை நடக்கவைத்து, கரும்பு ஏணியில் ஏற்றி, கோழிக்கூண்டினுள் பரப்பிய பொருள்களுள் ஒன்றை எடுக்கச் செய்வர். முதற்கருவின் ஏழாம் மாதத்தில் நிகழும் ‘மித்தோனி’யில் இளநீர்க்காயின் மேல் காமஜயன், காமரதி உருவங்களை வரைவர். தமிழ் வாசகருக்குச் சீமந்தம் நினைவுக்கு வரும். ஆயினும் ஒப்புமை மட்டுமே கடன்பேற்றுக்குச் சான்றாகாது.

கணக்கின் நுட்பம் இறப்புச் சடங்குகளில் தெளிவாகத் தெரிகின்றது. மூன்றாம், ஏழாம், நாற்பதாம், நூறாம் நாட்களிலும், ஆண்டு நிறைவுகளிலும், இறுதியாக ஆயிரமாம் நாளிலும் உறவினரும் அயலாரும் கூடி வேண்டுதல் செய்து விருந்துண்பர். ஆயிரம் நாட்களை எவரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. இறந்த நாளையே முதலாவதாகக் கொண்டு எண்ண, ஆறாவது கிழமையும் ஐந்தாவது சந்தை நாளும் கூடும் நாளே ஆயிரமாம் நாளின் இணை. வெள்ளி–லெகியில் ஒருவர் இறந்தால் அது புதன்–கிளிவோன் ஆகும். நூறாம் நாளுக்கு இரண்டாவது கிழமை, ஐந்தாவது சந்தை நாள். வாய்மொழிச் சூத்திரங்களாக மனத்தில் நிற்கும் இக்கணக்கு எண்ணிப் பார்த்தாலும் பிழைபடுவதில்லை.

கோங்கு ஒலிக்கும் இடம்

கமெலானின் பெரிய கோங்கு, இசைச் சுழற்சி ஒன்று முடியுமிடத்தில் மட்டும் ஒலிக்கும். ‘லாட்ராங்’ என்னும் வடிவில் ஒரு சுழற்சிக்கு 32 அடிகள். கெனோங் என்னும் கருவி எட்டு அடிக்கு ஒருமுறை ஒலித்து, நான்காம் முறை கோங்குடன் சேரும். பல சுழற்சிகள் ஒரு புள்ளியில் கூடுவதே ஜாவானியருக்கு நிறைவு என்றும், இசையும் நாட்காட்டியும் அவ்வொரே காலவுணர்வின் வெளிப்பாடுகள் என்றும் ஜூடித் பெக்கர் 1979இல் விளக்கினார். ஆழமான விளக்கம் இது. ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. இசையின் சிறு சுழற்சிகள் பெருஞ்சுழற்சியை இரண்டு இரண்டாகப் பகுத்துப் பெறப்படுபவை. எனவே அவை கூடியே தீரும். ஐந்தும் ஏழுமோ ஒன்றிலிருந்து மற்றொன்று பிறவாதவை, தற்செயல்போல் சந்திப்பவை. முன்னது பகுப்பு, பின்னது சந்திப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது உவமையளவில் பொருந்துமேயன்றி அமைப்பளவில் பொருந்தாது.

நாட்காட்டி கலையை நேராகவே ஆளும் இடமும் உண்டு. ஒன்பது பெண்கள் ஆடும் ‘பெடாயா கெத்தாவாங்’ சுரகர்த்தா மன்னர் அரியணை ஏறிய நாளின் ஆண்டு நிறைவில் அரங்கேறும் புனித நடனம். அதற்குரிய பயிற்சி, செவ்வாயும் கிளிவோனும் கூடும் ‘அங்கரா காசி’ நாளில், 35 நாட்களுக்கு ஒருமுறை நடைபெறும். அங்கரா என்பது நாம் அறிந்த அங்காரகனே.

சுண்டானிய மரபின் மறுப்பு

மேற்கே சென்றால் இச்சட்டகம் தளர்கின்றது. சியாஞ்சூரின் ஆட்சியாளர் இல்லத்தில் 19ஆம் நூற்றாண்டில் செழித்த ‘தெம்பாங் சுண்டா’வில் கச்சாப்பி என்னும் நரம்புக்கருவியும் மூங்கிற்குழலும் மிடற்றிசையைப் பின்தொடர்கின்றன. முதன்மைப் பாடல்களுக்குத் தாளக்கட்டு இல்லை. கோங்குச் சுழற்சியும் இல்லை. இறுதியில் சேர்க்கப்படும் ‘பனம்பி’ பாடலே தாளத்துடன் வரும். திருமணத்தில் மணமக்களைக் குடையின்கீழ் அமர்த்திப் பாடப்படும் ‘சாவேர்’ அறிவுரைப் பாட்டிலும் சொல்லே முதன்மை பெறும். பாடுவோர் இடையிடையே அரிசி, மஞ்சள், காசு, இனிப்பு ஆகியவற்றைத் தூவுவர். விருந்தினர் காசுக்கு முந்துவர். ஜாவானிய அரண்மனை இசையை வைத்து வகுத்த கோட்பாட்டைத் தீவு முழுமைக்கும் விரித்தால் இப்பாடகர்கள் கணக்கில் வராமல் போவர்.

சுருதியும் இழப்பும்

ஒவ்வொரு கமெலான் தொகுதியும் தனக்கேயுரிய சுருதி உடையது. ஐந்து சுர ஸ்லெண்ட்ரோ, ஏழு சுர பெலோக் என்னும் பெயர்கள் பொதுவேனும், ஒரு தொகுதியின் கருவி மற்றொன்றில் இசையாது. 1990களில் மந்தூஸ் பரவச் செய்த ‘சம்பூர்சாரி’ இசை, கமெலான் கருவிகளை மின்விசைப்பலகையின் மேலைச் சுரங்களுக்கு ஏற்பத் திருத்தியது. திருமண வீட்டாருக்குச் செலவு குறைவு, ஆட்டமும் மிகுதி. ஆனால் தொகுதிக்குத் தொகுதி மாறும் சுருதி அங்கே இல்லை.

அங்க்லுங்கின் வரலாறு இதற்கு முன்னோடி. 1938இல் பண்டுங்கைச் சேர்ந்த டாயெங் சுதிக்னா அம்மூங்கிற்கருவியை மேலைச் சுரவரிசைக்கு அமைத்தார். அது பள்ளிகளில் நுழைந்தது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. கமெலான் 2021இல்தான் அப்பட்டியலில் சேர்ந்தது. இச்சீரமைப்பு இல்லையேல் அங்க்லுங் இவ்வளவு பரவியிராது என்பதை மறுக்கவியலாது. எனினும் பாந்தெனின் கெந்தேங் மலைப்பகுதியில் வாழும் படுய் மக்களுக்கு அங்க்லுங் இன்றும் நெல் விதைப்புச் சடங்கின் கருவியே. அதற்குரிய பருவம் கடந்தபின் அதை அவர்கள் வாசிப்பதில்லை.