பழைய மோட்டாருக்கு ஏற்ற காபரேற்றர்

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் நாம் இன்றும் காண்கின்றோம். தந்தையர் வாங்கிய வண்டியை மைந்தர் பேணிவரும் இல்லங்களும் உள. அவ்வண்டியைப் புதுக்க முற்படுவோர், "பெரிய காபரேற்றர் பூட்டினால் வலுக் கூடாதா?" என வினவுவதுண்டு. விடை காணுமுன் அக்கருவியின் தொழிலை அறிதல் வேண்டும்.

முசலம் கீழிறங்கும்போது உருளை காற்றை உறிஞ்சுகின்றது. அக்காற்று ஒடுங்கிய வழியினூடே விரையுமிடத்து அமுக்கம் குறைகின்றது. அக்குறைவினாற் பெற்றோல் மேலெழுந்து நுண்துளிகளாய்க் கலக்கின்றது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். வாய் மிக அகன்றதாயின் காற்றின் விரைவு தளர்ந்து, மெதுவாய்ச் செல்லும்போது இயந்திரம் திணறும், பெற்றோலும் வீணாகும். மிக ஒடுங்கியதாயின் விரைந்தோடும்போது மூச்சு முட்டும்.

ஆகவே இயந்திரத்தின் மூச்சளவே தெரிவுக்கு அளவுகோலாம். மொறிஸ் 1000 இன் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் இரு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உட்கொள்ளும். நிமிடத்துக்கு 4,000 சுற்றாயின், கணக்கின்படி 1,896 இலீற்றர், நடைமுறையிற் குறைவு. இதற்கு 1¼ அங்குல எஸ்.யூ. காபரேற்றர் ஒன்றே அமைக்கப்பட்டது. அவ்வின இயந்திரத்தை 1958 இல் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் விரைவு வண்டியிற் பூட்டியபோது, 1⅛ அங்குலத்தில் இரண்டு வைத்தனர். வால்வு வில்லுகளையும் வலுப்படுத்தினர். அவ்வளவுக்கும் 37 ஆயிருந்த குதிரைவலு 43 ஆயிற்று. இரண்டையும் ஒத்திசையச் செய்யும் உழைப்பும் உடன் வந்தது. குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்லும் வண்டிக்கு இது வேண்டற்பாலதோ?

எஸ்.யூ. வகையில், காற்றின் தேவைக்கேற்ப முசலமொன்று உயர, அதனொடு பிணைந்த கூர்ஊசி பெற்றோல் வழியைத் திறக்கின்றது. ஏ40 இன் செனித் வகையில் ஒடுங்குவழி மாறாதது; கலவையை மாற்றத் துவாரக்குழாயையே மாற்றல் வேண்டும்.

1990 இன் பின் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் வாராதிருந்த காலத்தில், இவ்வண்டிகள் சிறிது பெற்றோலிற் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாதலின் அம்முறை வேண்டியதாயிற்று. எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தமையால் இயந்திரங்கள் தேய்ந்தன. அஃது இடுக்கட்காலத்து உபாயம். எனினும் நம்மவர் கழற்றி, விளங்கி, திருத்தக்கூடிய எளிய கருவியாயிருந்தமையாலன்றோ அவை ஓடின!

எனவே புதியது வாங்குமுன், உள்ளதன் அச்சுத் தேய்ந்து காற்றுக் கசிகின்றதா, வால்வு இடைவெளி சரியா எனப் பார்த்தல் நன்று. பின்னர்ப் பிளக்கின் நிறத்தை நோக்குக: கரிபடிந்திருப்பின் பெற்றோல் மிகை; வெண்மையாயின் குறை; இளங்கபிலமாயின் செம்மை. ஆக்கியோர் வகுத்த அளவுள்ள காபரேற்றரைப் பழுதறப் பேணுதலே பெரும்பாலார்க்கு உகந்த தெரிவென்பது எம் துணிபு.